வெள்ளிக்கிழமைக் கிழங்கு: சத்துணவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகை மாவட்டங்களில் சத்துணவுப் பட்டியலைத் தீர்மானிக்கிற, அதை மேற்பார்வையிடுகிற அதிகாரிகளுக்கு,

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளருக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. போன மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்குக்குப் பதிலாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்துக் கொடுத்தது ஏன் என்று அதில் கேட்டிருக்கிறது. ஏழு நாளைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டுமாம். அந்த அம்மா பயந்துபோய், விளக்கம் என்ற பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்தக் கிழங்கைக் கொடுத்தவள் நான். என் கொல்லையில் விளைந்தது. அதனால் விளக்கம் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர். ஊர்ப் பெயரும் என் பெயரும் வேண்டாம். போட்டால் அடுத்த மெமோவும் அந்த அம்மாவுக்குத்தான் போகும்.

நடந்தது இவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அடைமழை. டவுன் கடைவீதியில் இருந்த உருளைக்கிழங்கெல்லாம் முளைவிட்டு, தோல் பச்சை பாரித்துக் கிடந்தது. பச்சை பாரித்த உருளைக்கிழங்கில் சோலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. அமைப்பாளருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் பச்சைக் கிழங்கு கசக்கும், வயிற்றைப் புரட்டும் என்பது தெரியும். வாங்காமல் வெறும் பையோடு திரும்பிவிட்டார். வருகிற வழியில் என் வீட்டுத் திண்ணை. நான் அப்போதுதான் தோண்டி எடுத்த கிழங்கை மண் உதறிக் குவித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் குடுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை, புள்ளைங்களுக்குக் கிழங்கு நாள்" என்றார்.

64 பிள்ளைகள். ஆளுக்கு 20 கிராம். கணக்குப் போட்டால் 1 கிலோ 280 கிராம், அதாவது ஐந்தாறு கிழங்கு. நான் இரண்டு கிலோ நிறுத்துப் போட்டேன். காசு வாங்கவில்லை, என் பேத்தியும் அங்கேதான் மூன்றாவது படிக்கிறாள். ஒவ்வொரு கிழங்கையும் அரிவாள்மனையில் நறுக்கிப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஏன் நறுக்கிப் பார்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மறுநாள் அவித்து, தோலுரித்து, மேலே தேங்காய்த் துருவல் தூவினார்கள். பரிமாறுவதற்கு முன்னால் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது உங்கள் விதி. அவரும் ருசி பார்த்தார். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். ஒரு பிள்ளைக்கும் தலைவலி, வயிற்றுவலி எதுவும் வரவில்லை.

அமைப்பாளர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. பதிவேட்டில் உண்மையை எழுதிவிட்டார். 'உருளைக்கிழங்கு' என்று இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, 'சர்க்கரைவள்ளி' என்று கையெழுத்தோடு திருத்தியிருந்தார். ஆய்வுக்கு வந்த அலுவலர் கண்ணில் அது பட்டது. உருளை என்றே எழுதி வைத்திருந்தால் எந்தக் கேள்வியும் வந்திருக்காது. பச்சைக் கிழங்கை வாங்கி அவித்துப் போட்டிருந்தாலும் வந்திருக்காது. இதை ஒரு முறை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கு அந்த அலுவலர் பிள்ளைகள் முன்னாலேயே மூன்று காரணம் சொன்னார். பட்டியலில் இல்லை என்பது ஒன்று. கிழங்கில் விஷம் இருக்கும், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்பது இரண்டு. மூன்றாவதை நானே கேட்டேன், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "இதெல்லாம் பஞ்ச காலத்துத் தீனிம்மா. இப்பவுமா புள்ளைங்களுக்கு இதைப் போடுவாங்க?"

பட்டியல் விஷயம் சின்னது. வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு என்று யாரோ ஒருவர் எப்போதோ எழுதினார், அது தமிழ்நாடு முழுக்க ஒரே மாதிரி நடக்கிறது. நீலகிரிக்கு அது சரி, அங்கே விளைகிறது. எங்கள் படுகையில் ஒரு உருளைக்கிழங்குகூட விளையாது. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்தோ வட மாநிலத்திலிருந்தோ லாரி ஏறி வர வேண்டும். மழைக்காலத்தில் அது எந்த லட்சணத்தில் வந்து சேருகிறது என்று மேலே சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நானூறு அடி தூரத்தில் என் கொல்லை இருக்கிறது.

விஷம் என்ற பேச்சு அப்படித் தள்ளிவிடக் கூடியது இல்லை. பிள்ளைகள் சமாசாரத்தில் பயப்படுவது நல்லதுதான், அந்த அலுவலரை அதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஒரு கிழங்கை இன்னொரு கிழங்காக நினைத்துவிட்டார். விஷம் உள்ளது குச்சிக்கிழங்கு, புத்தகத்தில் மரவள்ளி என்று போட்டிருப்பார்கள். அதிலும் அதன் தழையிலும் சயனைடு உண்டாகும் பொருள் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால்தான் சாப்பிடலாம். எனக்குக் கல்யாணமான புதிதில், வேலி தாண்டிப் போய்க் குச்சிக்கிழங்குத் தழையைத் தின்ற எங்கள் இரண்டு ஆடுகள் அன்று மாலைக்குள் செத்துப்போயின. சர்க்கரைவள்ளி அந்த இனமே இல்லை. அதன் கொடியைத்தான் கறவை மாட்டுக்குப் போடுகிறோம், கொழுந்தைத்தான் கீரையாக வதக்குகிறோம்.

அதன் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? குளத்தில் படரும் வள்ளைக்கீரை ஒன்று. இன்னொன்று நம் வாய்க்காலை எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கிறதே, நெய்வேலிக் காட்டாமணக்கு, அதுவும்தான். மூன்று பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஒருத்தி சோறு போடுகிறாள், ஒருத்தி தண்ணீரை மறிக்கிறாள். காட்டாமணக்கை ஆடு தின்றால் ஆகாது. அதற்காக அக்காளைக் குற்றம் சொல்ல முடியுமா?

சர்க்கரைவள்ளிக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கூன்வண்டு துளைத்த கிழங்கும் பூஞ்சணம் பிடித்த கிழங்கும் கசந்துபோகும். வண்டு கடித்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்பை ஊற வைக்கிறது. அப்படிப்பட்ட கிழங்கைத் தின்ற மாட்டுக்கு நுரையீரல் கெட்டு மூச்சுத் திணறும், செத்தும் போகும். கால்நடை மருத்துவர்களுக்கு இது தெரிந்த விஷயம். என் அப்பாயிக்கும் தெரிந்திருந்தது. "மூக்குல வெச்சுப் பாரு, கசந்த வாடை வந்தா குழி தோண்டிப் பொதை, மாட்டுக்குக்கூடப் போடாத" என்பார். அதனால்தான் அன்றைக்கு ஒவ்வொன்றையும் நறுக்கிப் பார்த்தேன். கெட்டது எது என்று எங்களுக்குத் தெரியும், நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இப்போது மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். பஞ்ச காலத்துத் தீனி. ஆமாம் ஐயா, அது உண்மைதான். அதைச் சொன்ன தொனிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நெற்களஞ்சியம் என்று எல்லோரும் புகழ்கிற இந்தப் படுகையில், நெல் நடுகிற கை எத்தனை நாள் பட்டினி கிடந்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். ஐப்பசியும் கார்த்திகையும்தான் கொடிய மாதங்கள். சம்பா வயலில் பச்சையாக நிற்கும். நடவு முடிந்துவிட்டது, அறுப்புக்குத் தை வர வேண்டும். இடையில் கூலி வேலை கிடையாது. போன அறுப்பில் கூலியாக வந்த நெல் புரட்டாசியோடு பானையில் தீர்ந்துவிடும். மழையோ நிற்காது, அடுப்பு நனைந்து கிடக்கும். அந்த இரண்டு மாதத்தையும் எங்களைத் தாண்ட வைத்தது மேட்டுக்கொல்லையில் ஆடியில் நட்ட சர்க்கரைவள்ளிதான். நட்டு நாலாவது மாதம் தோண்டலாம். உரம் கேட்காது. வேர் பிடித்துவிட்டால் தண்ணீருக்கும் பெரிதாக ஏங்காது. கணுவுக்குக் கணு வேர் விட்டுக் கிழங்கைச் சிறுக்கடித்துவிடாமல், கொடியை மட்டும் அவ்வப்போது தூக்கித் திருப்பிப் போட வேண்டும். அது பெண்கள் வேலை, பிள்ளைகளும் கூட வருவோம்.

நான் பிறந்தது வேதாரண்யம் பக்கம், மணல் கொல்லை. அங்கே அப்பாயி அடுப்பு அணைந்த பிறகு சாம்பலுக்குள் இரண்டு கிழங்கைப் புதைத்து வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் தோல் கருகி, உள்ளே பாகு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அதுதான் கட்டுச்சோறு. வாழ்க்கைப்பட்டு இந்தப் பக்கம் வந்த பிறகு மாமியாரிடம் கற்றது வேறு. நெல் அவிக்கிற அன்றைக்கு, அண்டாவில் நெல்லுக்கு மேலே கிழங்கை அடுக்கி ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார். நெல்லின் ஆவியிலேயே கிழங்கு வெந்துவிடும். அந்தப் புழுங்கல் வாசனை ஏறிய கிழங்கை ஒரு முறை சாப்பிட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இப்போது யாரும் வீட்டில் நெல் அவிப்பதில்லை, மில்லுக்குப் போகிறது. அந்த ருசியும் அதோடு போயிற்று.

தை பிறந்தால் அதே கிழங்குக்கு மரியாதை வந்துவிடும். பொங்கல் படையலில் கரும்பு, மஞ்சள் கொத்து, கருணை, சேம்பு, பரங்கி, மொச்சை இவற்றோடு சர்க்கரைவள்ளியும் உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னால் மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு ஏழு காய்க் குழம்பு வைக்கிற வீடுகளில், அந்தக் குழம்பில் இது இல்லாமல் இருக்காது. புளிப்பும் காரமுமாகக் கொதிக்கிற குழம்பில் இந்தத் துண்டு மட்டும் இனிப்பாக வரும். சாமிக்குப் படைக்கும்போது யாரும் இதைப் பஞ்சத் தீனி என்று சொல்வதில்லை.

மருந்து என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். நானும் கேட்டதை எல்லாம் நம்புகிறவள் இல்லை, பிரித்தே சொல்கிறேன். மலச்சிக்கலுக்கு இதைவிட நல்ல பண்டம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. தோலோடு அவித்து, தோலை லேசாகத் தேய்த்துவிட்டு, ராத்திரியில் ஒரு கிழங்கு. நூறு கிராமில் சுமார் 3 கிராம் நார் இருக்கிறது, அதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நார் நீக்கி மசித்து, கொஞ்சம் நெய் விட்டு ஊட்டுவோம். காய்ச்சல் விட்டு எழுந்தவருக்குச் சோறு இறங்காது, இது இறங்கும். பிள்ளை பெற்றவளுக்குக் கொழுந்தைப் பூண்டு, சீரகம் தட்டிப் போட்டுக் கடைந்து கொடுப்பார்கள். பால் சுரக்கும் என்பார்கள். பால் சுரந்ததோ இல்லையோ, அந்த உடம்புக்குக் கீரை வேண்டியதுதான். கட்டி, கொப்புளத்துக்குக் கொழுந்தை அரைத்துப் பற்றுப் போடுவார் மாமியார். பழுத்து உடைவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனால் பற்றுப் போடாத கட்டியும் பழுத்து உடைகிறதுதானே. தீப்புண்ணுக்குக் கிழங்கை அரைத்துப் பூசுவது என்று ஒன்று இருந்தது. அதை நான் என் மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தீப்புண்ணுக்குக் குளிர்ந்த தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி. கிழங்கு வாயு என்பதும் உண்மை. அதனால்தான் கிழங்கு சாப்பிட்ட அன்றைக்குச் சுக்குக் காப்பி போடுவது எங்கள் வழக்கம். அப்புறம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவாகத்தான் சாப்பிட வேண்டும்.

இதில் சர்க்கரை நோய்க்காரர்கள் கதை தனி. போன வருஷம் ஒரு மருத்துவ முகாமில் 'தவிர்க்க வேண்டியவை' என்று தட்டி கட்டியிருந்தார்கள். முதல் வரியே கிழங்கு. பெயரில் சர்க்கரை இருப்பது இதற்கு வாய்த்த சாபம். என் வீட்டுக்காரருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் செய்கிறேன்: சோற்றோடு சேர்த்துக் கிழங்கு இல்லை, ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கிழங்கு, அதுவும் அவித்தது. சுட்ட கிழங்கு சீக்கிரம் சர்க்கரையை ஏற்றும், அவித்தது அவ்வளவு ஏற்றாது. தட்டியில் இதற்கெல்லாம் இடம் இருக்காது என்பது புரிகிறது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு சாப்பிடுகிற ஊரில், சோற்றைப் பற்றி அந்தத் தட்டியில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான் புரியவில்லை.

சங்க காலத்திலிருந்தே இருக்கிறது என்றெல்லாம் நான் கதை விடப் போவதில்லை. இந்தக் கிழங்கும் உங்கள் உருளைக்கிழங்கும் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவைதான், போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பிறகு. நம்மிடம் முன்பே இருந்தது வள்ளிக்கிழங்கு, முருகனின் வள்ளி கிடைத்தாளே அந்தக் குழிக்குச் சொந்தமான கிழங்கு. புதிதாக வந்தது இனிப்பாக இருக்கவே, பழைய பெயருக்கு முன்னால் சர்க்கரையைச் சேர்த்து வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். நானூறு வருஷம் ஒரே மண்ணில் வேர் விட்டால் அது நம் வீட்டுப் பெண்தான். உருளைக்கு அந்த வேர் இங்கே விடவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது என் தாய்வீட்டுப் பக்கம் நான் போயிருந்தேன். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னை, மா, முந்திரி எதுவும் நிற்கவில்லை. கரண்ட் வாரக்கணக்கில் வரவில்லை, சாலையில் மரம் கிடந்ததால் நிவாரண வண்டி வர நாளாகியது. சித்தியின் மணல் கொல்லையில் ஆடிக் கடைசியில் நட்ட சர்க்கரைவள்ளி இருந்தது. கொடி கந்தலாகக் கிடந்தது. மண்ணுக்குக் கீழே காற்று போகவில்லை. இன்னும் முற்றாத கிழங்குதான், விரல் தடி. தோண்டி எடுத்துத் தெருவே நாலு நாள் சாப்பிட்டது. முறிந்து கிடந்த தென்னை மட்டையே விறகு. அந்த நாலு நாளைப் பார்த்தவளிடம் 'பஞ்ச காலத்துத் தீனி' என்று ஏளனமாகச் சொன்னால், எனக்குக் கோபம் வரத்தான் வரும்.

சரி, குற்றம் முழுவதையும் உங்கள் மேல் போடவும் மனம் வரவில்லை. இந்தக் கிழங்கு எங்கள் கையைவிட்டும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் நான் வந்த புதிதில் முப்பது வீட்டில் கொடி இருந்தது, இப்போது ஏழு வீடு. இதற்கு விதை கிடையாது, கொடிதான் விதை. ஜனவரி 28ஆம் தேதி மேட்டூரை மூடினால் ஜூன் 12 வரை வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. அந்த வெயிலில் கொடியைச் சாகாமல் காப்பது பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில்தான். அப்பாயி, மாமியார், நான் என்று கிணற்றடியில் ஒரு பாய் அகலத்துக்கு வைத்திருந்து, ஆடி வந்ததும் ஒரு சாண் துண்டாக வெட்டி, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்போம். காசு வாங்குவது வழக்கமில்லை. கிணற்றடி சிமெண்ட் தளமானதும் கொடியும் செத்தது.

அதோடு விலை. வியாபாரி பொங்கலுக்கு முந்திய வாரம் மட்டும்தான் எங்களைத் தேடி வருகிறார். தை ஐந்தாம் தேதிக்கு மேல் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. நெல்லுக்காவது கொள்முதல் நிலையம் இருக்கிறது, நெல் மூட்டை மழையில் நனைந்தால் செய்தி வருகிறது. அரைக்கால் ஏக்கர் கிழங்கு கொள்ளிட வெள்ளத்தில் அழுகினால் ஊரில் என்ன பயிர் நிற்கிறது என்று எழுதுகிற அடங்கல் பதிவேட்டில்கூட அந்தப் பயிரின் பெயர் இருக்காது. 2018 ஆகஸ்ட் மாதம் கொள்ளிடத்தில் வந்த தண்ணீரை நினைத்துப் பாருங்கள், முக்கொம்பில் மதகுகளே அடித்துக்கொண்டு போன வருஷம். எங்கள் படுகை நிலம் முழுக்க முழுகியது. வாழைக்குக் கணக்கெடுத்தார்கள். கிழங்குக்கு எடுக்கவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வெள்ளைக் கிழங்கில் வைட்டமின் ஏ அதிகம் கிடையாது. உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கிற ரகத்தில்தான் அது இருக்கிறது. அந்தக் கிழங்கை எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட பூ சோனா என்ற ரகத்தில் நூறு கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். அதுதான் உடம்புக்குள் வைட்டமின் ஏ ஆகிறது. ஸ்ரீ கனகா என்று இன்னொரு ரகமும் ஆரஞ்சுதான். கூன்வண்டைப் பிடிக்கிற கவர்ச்சிப் பொறியையும் அவர்கள் உண்டாக்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், உகாண்டா மாதிரி நாடுகளில் பிள்ளைகளின் வைட்டமின் ஏ குறைவைப் போக்க இந்த ஆரஞ்சுக் கிழங்கைத்தான் ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கிடைத்தது. நம் ஊரில் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ சொட்டு ஊற்றுகிறோம், நல்லது. அந்தச் சத்தைத் தட்டில் வைக்கவும் வழி இருக்கும்போது அதைப் 'பட்டியலில் இல்லை' என்று தள்ளலாமா? கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எங்கள் சமையலர் மேலே தூவினாரே தேங்காய்த் துருவல், அது அலங்காரம் இல்லை.

ஒரு விஷயத்தை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டும். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1ஆம் தேதி தொடங்கி வைத்தது திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில். காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரித்தது 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி, திருக்குவளையில். இரண்டும் எங்கள் காவிரிப் பக்கத்து ஊர்கள். பிள்ளைகளின் பசியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த மண்ணுக்கு வந்திருக்கிறீர்கள். மண்ணில் என்ன விளைகிறது என்பதையும் ஒரு முறை பார்த்திருக்கலாம்.

நான் கேட்பவை இவை.

முதலில், அந்த அமைப்பாளருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாக "விடும்மா, பார்த்துக்கலாம்" என்பது போதாது. எழுத்துமூலம் கொடுத்ததை எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும், அவருடைய பணிப் பதிவேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்கக் கூடாது. கெட்ட கிழங்கை வாங்க மறுத்ததற்கும், செய்ததைச் செய்தபடி எழுதியதற்கும் அவரைப் பாராட்டியிருக்க வேண்டியது. பாராட்டு வேண்டாம், தண்டிக்காமல் இருங்கள்.

அடுத்தது, வெள்ளிக்கிழமைக் கிழங்கு. படுகை மாவட்டங்களில் கார்த்திகை முதல் மாசி வரை, 'உருளைக்கிழங்கு அல்லது உள்ளூர்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு' என்று ஓர் ஆணை போடுங்கள். 'அல்லது' என்ற ஒரு சொல்தான் நான் கேட்பது. கட்டாயமாக்க வேண்டாம். கிடைக்கிற ஊரில் கிடைக்கிறபோது போடட்டும். 20 கிராம் என்ற அளவையும் ஒரு முறை பாருங்கள், அது ஒரு வாய்கூட வராது. கிழங்கைப் பள்ளி இருக்கிற ஊராட்சியின் மகளிர் குழுக்களிடமிருந்தே, உழவர் சந்தை விலைக்கு, ரசீதோடு வாங்க அனுமதி கொடுங்கள். பொங்கல் வாரத்துக்கு அப்பால் எங்கள் கிழங்குக்கு ஒரு வாங்குகிற கை கிடைக்கும்.

பாதுகாப்புக்கு என்று ஒரு நடைமுறை வேண்டுமானால் எழுதுங்கள், நாங்களும் அதற்குக் கட்டுப்படுகிறோம். வண்டுத் துளையோ கறுப்புப் பூஞ்சணமோ இருந்தால் முழுக் கிழங்கையும் கழிப்பது, நறுக்கிப் பார்த்து வேகவைப்பது, ஆசிரியர் ருசி பார்ப்பது. அதே விதியை உருளைக்கும் வையுங்கள்: முளைவிட்டதும் பச்சை பாரித்ததும் சமையலறைக்குள் வரக் கூடாது.

கடைசியாக, தோட்டக்கலை அலுவலர்களோடு பேசி, வருகிற ஆடிப் பட்டத்துக்குள் படுகை மாவட்டங்களில் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு பள்ளித் தோட்டத்திலாவது ஆரஞ்சு ரகக் கொடியை நட ஏற்பாடு செய்யுங்கள். சுத்தமான, வண்டு இல்லாத கொடியாக வர வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கைகழுவும் தண்ணீர் வீணாக ஓடுகிற இடத்தில் நாலு பாத்தி போடலாம். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற எங்கள் குழுவில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், தலைமையாசிரியரிடம் அந்தத் தாள் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் இந்தப் பயிரையும் எழுத வேண்டும் என்பது உங்கள் துறை வேலை இல்லை என்று தெரியும். ஆனாலும் மாவட்டக் கூட்டத்தில் அவர்களுக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்காருகிறீர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்த மடலுக்கு முப்பது நாளைக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். ஆய்வுக்கு வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். என் கொல்லையில் இன்னும் இரண்டு வரப்பு தோண்டாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கொள்ளிடக் கரை விவசாயி ஒருத்தி,
மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மாயி